செஞ்சி எப்படி மராட்டியர் கோட்டைப் பட்டியலுக்குள் வந்தது? சிவாஜியின் எழுச்சி: ஒரு விளக்கம்

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலக பாரம்பரியக் குழு, ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஷிவ்னேரி, ராய்கட், ராஜ்கட், பிரதாப்கட், லோஹகட், சால்ஹேர், பன்ஹாலா, விஜயதுர்க், சிந்துதுர்க், சுவர்ணதுர்க், கந்தேரி ஆகிய 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்குக் குழப்பம் வருவது இயல்பு. செஞ்சிக் கோட்டை கோன் மரபினர் காலத்தில் தொடங்கி நாயக்கர் காலத்தில் பெரிதானது. நம் ஊர்க் கதைப்பாடல்களில் அது தேசிங்கு ராஜனின் கோட்டை. மராட்டியர் கையில் அது இருந்ததோ 1677 முதல் 1698 வரை, ஏறத்தாழ 21 ஆண்டுகள்தான். அந்தச் சொற்ப காலத்துக்காகவா இந்தப் பெயர்?

ஆம், அந்த 21 ஆண்டுகளுக்காகத்தான். அதன் எடை புரிய வேண்டுமானால் சிவாஜி எங்கிருந்து எழுந்தார், எதை நம்பி அரசு கட்டினார் என்பதைப் பார்க்க வேண்டும். அவரைப் பற்றி நமக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது வீரக் கதைகள்: புலிநகம், இனிப்புக்கூடை, நள்ளிரவுத் தாக்குதல். அவற்றின் அடியில் ஓர் அரசமைப்பு இருந்தது. மன்னர் ஊரில் இல்லாதபோதும், மன்னரே இறந்த பின்னும் அது இயங்கியது. சிவாஜியின் சாதனைகளில் ஆகப் பெரியது அதுவே என்பது என் கருத்து.

அன்றைய தக்காணம்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்காணத்தில் மூன்று சுல்தானகங்கள் வலுவாக இருந்தன. அகமதுநகரில் நிஜாம் ஷாஹி, பிஜப்பூரில் ஆதில் ஷாஹி, கோல்கொண்டாவில் குதுப் ஷாஹி. வடக்கிலிருந்து முகலாயர் அழுத்திக்கொண்டிருந்தார்கள். 1636இல் அகமதுநகர் அடியோடு ஒழிந்தது. அதன் நிலத்தை முகலாயரும் பிஜப்பூரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இந்த அரசுகளின் படைகளில் மராட்டியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேவை செய்துவந்தன. சம்பளத்துக்குப் பதிலாக ஒரு வட்டாரத்தின் வரி வருவாயை அனுபவிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. அதற்கு ஜாகீர் என்று பெயர். கிராமங்களிலிருந்து வரியைத் திரட்டித் தரும் பரம்பரைப் பெரிய மனிதர்கள் தேஷ்முக்குகள். ஜாகீர்தாரும் தேஷ்முக்கும் தத்தம் இடத்தில் குட்டி அரசர்கள். மேலே சுல்தான் மாறினாலும் கீழே இவர்கள் மாறுவதில்லை. சிவாஜி கடைசியில் கை வைத்தது இந்த ஏற்பாட்டின் மேல்தான்.

சிவாஜியின் தந்தை ஷாஹாஜி போன்ஸ்லே முதலில் அகமதுநகரின் தளபதி. அது வீழ்ந்த பின் பிஜப்பூர் சேவைக்குப் போனார். பிஜப்பூர் அவரைத் தெற்கே அனுப்பியது. பெங்களூரு அவருடைய இருப்பிடமானது. புனே ஜாகீர் அவர் பெயரிலேயே இருந்தது. அங்கே மனைவி ஜீஜாபாயும் சிறுவன் சிவாஜியும் தாதோஜி கொண்ட்தேவ் என்ற நிர்வாகியின் துணையோடு வாழ்ந்தார்கள்.

சிவாஜி ஷிவ்னேரி கோட்டையில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1627 என்று பழைய நூல்களில் காணலாம். மகாராஷ்டிர அரசு இப்போது 1630 பிப்ரவரி 19ஐ ஏற்றுக் கொண்டாடுகிறது. 1630களின் தொடக்கத்தில் தக்காணத்தைக் கடும் பஞ்சம் உலுக்கியது. போரிலும் நாசமாகிக் கிடந்த புனேயைச் சீர்செய்து, தரிசாகிவிட்ட நிலங்களில் குடியானவர்களை மறுபடி அமர்த்தியதுதான் அந்த வீட்டின் முதல் வேலை. நிலத்தில் உழுபவன் இருந்தால்தான் அரசு இருக்கும் என்பதைச் சிவாஜி சிறுவயதிலேயே கண்ணால் கண்டுவிட்டார்.

ஏன் கோட்டைகள்?

புனேக்கு மேற்கே சஹ்யாத்ரி மலைத்தொடர். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டான கரும்பாறை மலைகள். உச்சி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் இருக்கும். கொஞ்சம் மதிலும் ஒரு வாசலும் கட்டினால் இயற்கையே பாதி வேலையை முடித்து வைத்திருக்கும். மலைகளுக்கு இடையிலான பள்ளத்தாக்குகளுக்கு மாவல் என்று பெயர். அங்கு வாழ்ந்த மாவலே மக்கள் ஏழைக் குடியானவர்கள், மலையேற்றத்தில் அசாத்தியமானவர்கள். சிவாஜியின் முதல் படை அவர்கள்தான்.

முகலாயரும் பிஜப்பூரும் நம்பியது சமவெளியில் விரியும் பெரும் குதிரைப்படையையும் பீரங்கியையும். அவற்றை மாவல் பள்ளத்தாக்குகளுக்குள் கொண்டுவருவது பெரும்பாடு. மழைக்காலத்தில் அதுவும் முடியாது. ஆக, மலைக்கோட்டைகளை வைத்திருப்பவன் சிறு படையோடு பெரும்படையை எதிர்த்து நிற்கலாம்.

1646 வாக்கில் தோரணா கோட்டை சிவாஜி வசமானது. அருகிலேயே ராஜ்கட்டை எழுப்பினார். அது நெடுங்காலம் அவருடைய தலைநகரமாக இருந்தது. கொண்டாணா, புரந்தர் என்று அடுத்தடுத்த கோட்டைகளும் கைக்கு வந்தன.

இந்தக் கதையில் செஞ்சி முதன்முதலாகத் தலைகாட்டுவது இங்கே. 1648இல் பிஜப்பூர்ப் படை செஞ்சியை முற்றுகையிட்டிருந்தது. அந்தப் பாசறையில் இருந்த ஷாஹாஜியைப் பிஜப்பூர்த் தளபதி முஸ்தஃபா கான் கைதுசெய்தார். ஷாஹாஜி மறுவருடம் விடுதலையானார். கைமாறாகச் சிவாஜி கொண்டாணாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே, 1648 கடைசியிலேயே செஞ்சி நாயக்கர் கோட்டை பிஜப்பூரிடம் விழுந்திருந்தது. தந்தை சிறைப்பட்ட இடத்தை மகன் பிடிக்க இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன.

1656 முதல் 1672 வரை: திருப்பங்கள்

1. ஜாவ்லி, 1656. கொங்கணக் கடற்கரைக்கு இறங்கும் கணவாய்களைக் கையில் வைத்திருந்த மோரே குடும்பத்தைச் சிவாஜி வீழ்த்தினார். மோரேக்களும் மராட்டியர்களே. ராய்கட் மலை அவர்களிடமிருந்து வந்ததுதான். பிரதாப்கட் அந்த மண்ணில் எழுந்தது.

2. அஃப்சல் கான், 1659 நவம்பர் 10. பிஜப்பூர் அனுப்பிய பெரும் தளபதி. பிரதாப்கட் அடிவாரத்தில் நடந்த சந்திப்பில் சிவாஜியின் கையால் இறந்தார். சிவாஜி கையில் மறைத்து வைத்திருந்த புலிநகம் என்ற இரும்பு ஆயுதத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். அஃப்சல் கானைச் சமவெளியிலிருந்து ஜாவ்லிக் காட்டுக்குள் வரவழைத்ததே உண்மையான வெற்றி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஜாவ்லி கைக்கு வந்திராவிட்டால் அது நடந்திருக்காது. சில வாரங்களுக்குள் பன்ஹாலாவும் சிவாஜி வசமானது.

3. ஷாயிஸ்தா கான், 1663. முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் தாய்மாமன். புனேயில் சிவாஜி வளர்ந்த லால் மஹாலிலேயே தங்கியிருந்தார். ஏப்ரல் மாத இரவொன்றில் சிவாஜி சிறு கூட்டத்தோடு உள்ளே புகுந்தார். கான் விரல்களை இழந்து உயிர் தப்பினார்.

4. சூரத், 1664. முகலாயரின் செல்வம் கொழிக்கும் துறைமுகம் கொள்ளையிடப்பட்டது. 1670இல் மறுபடியும். போரில் குடியானவனைத் தொடக் கூடாது, சிப்பாய்க்கு ரொக்கச் சம்பளம் தர வேண்டும் என்றால் பணம் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். சூரத்து வணிகர்களுக்கு அது பெரும் கொடுமை. அதை மறைத்துச் சிவாஜியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

5. புரந்தர் உடன்படிக்கை, 1665 ஜூன். சிவாஜியின் பெரும் தோல்வி. முகலாயருக்காக வந்த ராஜபுத்திரத் தளபதி ஜெய்சிங், புரந்தரை முற்றுகையிட்டுச் சிவாஜியைப் பணிய வைத்தார். 23 கோட்டைகள் போயின. மிஞ்சியவை 12. போனவற்றின் ஆண்டு வருவாய் 4 லட்சம் ஹொன், மிஞ்சியவற்றுக்கு 1 லட்சம். (ஹொன் என்பது அன்றைய தென்னாட்டுப் பொற்காசு.)

6. ஆக்ரா, 1666. ஜெய்சிங்கின் வாக்குறுதியை நம்பி மகன் சம்பாஜியோடு ஔரங்கசீப்பின் தர்பாருக்குப் போனார். தகுதிக்குக் கீழான வரிசையில் நிறுத்தப்பட்டதும் சபையிலேயே கோபத்தைக் காட்டினார். வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஆகஸ்டில் தப்பினார். இனிப்புக்கூடையில் ஒளிந்து வெளியேறினார் என்பது வழிவழிக் கதை. மன்னர் பல மாதம் எதிரியின் ஊரில் அடைபட்டுக் கிடந்தபோதும், மிச்சமிருந்த கோட்டைகளையும் வரி நிர்வாகத்தையும் ஜீஜாபாயும் மூத்த அதிகாரிகளும் குலையாமல் காத்தார்கள். அது சாதாரண விஷயமில்லை.

7. மீட்சி, 1670. கொண்டாணாவைச் செங்குத்துப் பாறை வழியே ஏறிப் பிடித்த தானாஜி மாலுசரே அங்கேயே உயிர்விட்டார். இழந்த மற்ற கோட்டைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. 1672இல் சால்ஹேரில் முகலாயரைத் திறந்த களத்திலேயே மராட்டியர் வென்றார்கள். மலையிலிருந்து மறைந்து தாக்க மட்டும் தெரிந்தவர்கள் என்ற எண்ணம் அத்தோடு போயிற்று.

இந்த எதிரிகள் வரிசையைப் பாருங்கள். மோரே மராட்டியர். ஜெய்சிங் ராஜபுத்திரர். அஃப்சல் கானின் தூதராக வந்தவர் ஒரு பிராமணர். சிவாஜியின் கடற்படைத் தளபதிகளில் ஒருவர் தௌலத் கான். 1677இல் சிவாஜிக்குத் தோள்கொடுத்தவர் கோல்கொண்டா சுல்தான். இதை இரண்டு மதங்களின் சண்டையாக மட்டும் சொல்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் தொந்தரவாக இருக்கும். அதேவேளை, சிவாஜி தன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு கோட்டை எப்படி நடந்தது

கோட்டையைப் பிடிப்பது ஒரு நாள் வேலை. அதை விலைபோகாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். அந்தக் காலத்தில் பல கோட்டைகள் பீரங்கியால் விழவில்லை. கோட்டைத் தலைவனுக்குக் கொடுத்த பணத்தால் விழுந்தன.

சிவாஜி ஒரு கோட்டைக்கு ஒரு தலைவனை வைக்கவில்லை. மூவரை வைத்தார். ஹவால்தாரிடம் காவலும் வாசல் சாவியும். மாலையில் கதவு பூட்டப்படுவதும் காலையில் திறக்கப்படுவதும் அவர் பொறுப்பு. சப்னிஸிடம் ஆள் பேரேடும் வரவு செலவும். கார்கானிஸிடம் தானியம், வெடிமருந்து, மற்ற சரக்குகள். மூவரும் வெவ்வேறு சாதியினராக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்: வழக்கமாக மராட்டியர், பிராமணர், பிரபு என்ற கணக்கர் சாதியார். மூவரும் ஒன்றுகூடினாலொழியக் கோட்டையை விற்க முடியாது. மலையடிவாரக் காடுகளில் ராமோஷி, மஹார் போன்ற சமூகத்தார் காவலுக்கு அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் கண்ணில் படாமல் மேலே ஏறுவது எளிதல்ல.

சம்பளத்தை முடிந்த மட்டும் ஜாகீராகத் தராமல் ரொக்கமாகத் தந்தார். நிலம் கையில் இருப்பவன் நாளைக்குத் தனி ராஜாவாகலாம். சம்பளத்துக்கு இருப்பவனால் அது முடியாது. குதிரைப்படையிலும் இரண்டு வகை: அரசே குதிரை கொடுத்த பார்கீர், சொந்தக் குதிரையோடு வந்த சிலேதார். அரசு நம்பியது பார்கீரைத்தான்.

இந்த நிர்வாகத்தின் உள்முகத்தைக் காட்டும் கடிதம் ஒன்று உண்டு. 1670களில், மழைக்காலத்துக்குச் சிப்ளூனில் தங்கவிருந்த குதிரைப்படை அதிகாரிகளுக்கு எழுதப்பட்டது. தீவனத்தையும் தானியத்தையும் இப்போதே வாரி இறைத்துவிட்டால் நடுமழையில் குதிரைகள் பட்டினி கிடக்கும். பிறகு குடியானவர் வீட்டில் புகுந்து தானியமும் ரொட்டியும் காய்கறியும் பிடுங்குவீர்கள். இவர்களைவிட முகலாயரே மேல் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று எச்சரிக்கிறது கடிதம். அதோடு நிற்கவில்லை. விளக்கை எரியவிட்டுத் தூங்காதீர்கள், எரியும் திரியை எலி இழுத்துக்கொண்டு போய் வைக்கோலில் தீப்பிடித்தால் குதிரையெல்லாம் போய்விடும் என்கிறது. எலி வரைக்கும் யோசித்த நிர்வாகம் அது. எனக்கு அஃப்சல் கான் சம்பவத்தைவிட இந்தக் கடிதத்தின் மேல் மதிப்பு அதிகம்.

கடலையும் விடவில்லை. 1664இல் மால்வண் கரையோரத் தீவில் சிந்துதுர்க் கட்டத் தொடங்கினார். 1679இல், பம்பாய்த் துறைமுகத்தின் வாயிலிலேயே உள்ள கந்தேரித் தீவில், ஆங்கிலேயரும், ஜஞ்சிரா தீவுக்கோட்டையை ஆண்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளும் எதிர்த்தபோதும் கோட்டை எழுப்பினார்.

முடிசூட்டு விழா எதற்கு?

இத்தனைக்குப் பிறகும் சட்டப்படி சிவாஜி யார்? பிஜப்பூர்க் கண்ணில் கலகம் செய்த ஜாகீர்தார் மகன். முகலாயர் கண்ணில் அடங்காத ஜமீன்தார். அவர் கொடுத்த நிலமானியத்துக்கோ செய்த ஒப்பந்தத்துக்கோ ஓர் அரசனின் மதிப்பு கிடையாது. 1674 ஜூன் 6 அன்று ராய்கட்டில், காசியோடு தொடர்புடைய காகா பட்டர் தலைமையில் சத்ரபதியாக முடிசூட்டிக்கொண்டது இதைச் சரிக்கட்டத்தான். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹென்றி ஆக்சிண்டன் அந்த விழாவுக்கு வந்திருந்தார். எட்டு அமைச்சர்கள் கொண்ட அஷ்டப் பிரதான் சபை முறைப்படுத்தப்பட்டது. ஜீஜாபாய் மகனின் முடிசூட்டைப் பார்த்துவிட்டு, பதினோரு நாளில் காலமானார்.

1677: தெற்கு நோக்கி

முடிசூடிய மூன்றாம் ஆண்டில் சிவாஜி தெற்கே புறப்பட்டார். முகலாயர் என்றாவது ஒரு நாள் முழுப் பலத்தோடு மகாராஷ்டிரத்தின் மேல் இறங்குவார்கள். அப்போது பின்வாங்க ஓர் இடம் வேண்டும். தமிழகத்தின் பிஜப்பூர்ப் பகுதிகளோ ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் தளபதிகளின் கையில் சிதறிக் கிடந்தன. தந்தை ஷாஹாஜியின் தென்னாட்டுச் சொத்தில் பங்கு கேட்பதும் ஒரு காரணம்.

ஐதராபாத்தில் குதுப் ஷாஹி சுல்தான் அபுல் ஹசனோடும் அவருடைய அமைச்சர் மாதண்ணாவோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஸ்ரீசைலம் வழியாகத் தமிழ் நிலத்துக்குள் வந்தார். 1677 மே வாக்கில் பெரிய சண்டை இல்லாமலே செஞ்சி கைக்கு வந்தது. வேலூர்க் கோட்டை அகழியோடும் மதிலோடும் எதிர்த்து நின்று 1678இல்தான் பணிந்தது. பிஜப்பூர் சார்பில் வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர் கான் லோடி திருவதிகைப் பக்கம் தோற்றோடினார்.

சிவாஜி செஞ்சியைப் பிடித்ததோடு விடவில்லை. புதிய மதில்கள், அகழிகள், கோபுரங்கள், நீர்த்தேக்கங்கள் என்று அவர் செய்த வேலையை, ஐரோப்பியக் கலைக்கும் குறைவில்லாதது என்று அக்காலத்து இயேசு சபைப் பாதிரியார் ஒருவர் கடிதத்தில் வியந்திருக்கிறார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளும் ஒரே கோட்டையாக மதிலால் இணைந்திருக்கும் அமைப்பு முன்பே இருந்தது. ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும். மரப்பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே உச்சியைக் காத்துவிடலாம். சஹ்யாத்ரியில் கோட்டை கட்டியவரின் கண்ணுக்கு இந்த இடத்தின் அருமை தெரியாமல் இருந்திருக்காது.

தஞ்சை மராட்டியர் சிவாஜியின் வழியினரா?

இல்லை. தஞ்சையைப் பிடித்து ஆண்டவர் ஏகோஜி என்கிற வெங்கோஜி, ஷாஹாஜியின் மற்றொரு மனைவிக்குப் பிறந்தவர். சிவாஜிக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி. பிஜப்பூர்த் தளபதியாக வந்து 1670களின் நடுவில் தஞ்சை அரசரானார். 1677இல் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் அண்ணன் தம்பி சந்திப்பு நடந்தது. பங்கு பற்றிய பேச்சு முற்றியதும் ஏகோஜி இரவோடிரவாக ஆற்றைக் கடந்து தஞ்சைக்குப் போய்விட்டார். சிவாஜி ஊர் திரும்பிய பின் இரு தரப்புப் படைகளும் மோதின. ஏகோஜி தோற்றார். ஆனாலும் தஞ்சையைச் சிவாஜி அவரிடமே விட்டுவிட்டார். சரபோஜி மன்னர் வரை தஞ்சையை ஆண்டவர்கள் ஏகோஜியின் மரபு. போன்ஸ்லே குலத்தின் வரலாறு 1803இல் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

செஞ்சி தலைநகரான எட்டாண்டுகள்

சிவாஜி 1680 ஏப்ரல் 3 அன்று ராய்கட்டில் இறந்தார். ஔரங்கசீப் தானே தக்காணத்துக்கு வந்து இறங்கினார். பிஜப்பூரும் கோல்கொண்டாவும் அடுத்தடுத்து வீழ்ந்தன. 1689 பிப்ரவரியில் பிடிபட்ட சம்பாஜி மார்ச்சில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் ராய்கட்டும் விழுந்தது. மன்னர் இல்லை, தலைநகர் இல்லை.

ஆனால் செஞ்சி இருந்தது. அதைச் சிவாஜியின் மருமகன் ஹர்ஜி மஹாதிக் அதுவரை காத்து வைத்திருந்தார். இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் பன்ஹாலாவிலிருந்து புறப்பட்டு, கெளதி ராணி சென்னம்மாவின் உதவியோடு கர்நாடகத்தைக் கடந்து, 1689 கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய அரசவை செஞ்சியில் கூடியது. மகாராஷ்டிரத்தில் ராமச்சந்திர பந்த் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார்.

1690இல் முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் முற்றுகையைத் தொடங்கினார். ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷும் வந்து சேர்ந்தார். உள்ளே பசி, வெளியே அதைவிட மோசம். மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் முற்றுகைப் படையின் உணவு வழிகளை அறுத்தார்கள். 1692 கடைசியில் காஞ்சிபுரத்து முகலாயத் தளபதி அலி மர்தான் கானைச் சந்தாஜி சிறைபிடித்தார். காம் பக்ஷோ எதிரியோடு ரகசியப் பேச்சு நடத்தினார் என்று சொந்தத் தளபதியாலேயே கைதானார். ஜுல்ஃபிகார் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. செஞ்சி விழுந்தது 1698இல்தான். அதற்கு முன்பே ராஜாராம் வெளியேறி மகாராஷ்டிரம் போய்விட்டார். எட்டாண்டு முற்றுகையில் முகலாயருக்குக் கிடைத்தது வெறும் கோட்டை.

இந்த எட்டாண்டுகளில் மகாராஷ்டிரத்து மராட்டியர் மூச்சு வாங்கிக்கொண்டார்கள். 1700இல் ராஜாராம் இறந்த பின் அவர் மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்தார். 1707இல் ஔரங்கசீப் தக்காணத்திலேயே இறந்தபோது மராட்டிய அரசு உயிரோடு இருந்தது. சிவாஜியின் வாழ்க்கையை முதன்முதலில் முழுமையாக எழுதிவைத்த கிருஷ்ணாஜி அனந்த் சபாசத், ராஜாராமின் வேண்டுகோளின் பேரில் அதை எழுதியது செஞ்சியில் இருந்துதான்.

தேசிங்கு ராஜன் கதைகூட இதன் தொடர்ச்சி. செஞ்சியைக் கைப்பற்றிய முகலாயர் அதைப் புந்தேலா ராஜபுத்திரரான ஸ்வரூப் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். அவர் மகன் தேஜ் சிங்தான் நம் தேசிங்கு. 1714இல் ஆற்காட்டு நவாப் சதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டார்.

பட்டியலில் சேர்ந்ததால் என்ன நடக்கும்?

யுனெஸ்கோ பட்டியல் கோட்டையின் உரிமையை யாருக்கும் மாற்றித் தருவதில்லை. 12 கோட்டைகளில் செஞ்சி உட்பட எட்டு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. சால்ஹேர், ராஜ்கட், கந்தேரி, பிரதாப்கட் நான்கும் மகாராஷ்டிர அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. சுற்றுவட்டாரக் கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு, மேலாண்மைத் திட்டம், சுமார் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை நிலை அறிக்கை ஆகிய கடமைகள் சேரும்.

‘மராட்டிய’ என்ற தலைப்பு மற்றவர்களின் பங்கை அழித்துவிடவும் இல்லை. கோட்டைக்குள் நிற்கும் கல்யாண மகாலும் வெங்கடரமணர் கோயிலும் நாயக்கர் காலத்தவை. சதத்துல்லா கான் பெயரிலான மசூதி 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இவை எல்லாமே வருகின்றன. அங்கே வைக்கப்படும் தகவல் பலகைகளிலும் கோன் மரபினர், நாயக்கர், பிஜப்பூர், மராட்டியர், முகலாயர், நவாப், பிரெஞ்சு, ஆங்கிலேயர் என்று எல்லாரும் இடம்பெற வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு தமிழ்நாட்டில் இருக்கும் நமக்குத்தான் முதலில் இருக்கிறது.